திருவிருந்துக்கு எழாதவள்

"என் கட்டில்ல நீயும் உன் பொண்டாட்டியும் படுத்தா நான் எங்கடா படுக்கறது? கோழிகளோடயா?"

"கத்தாதக்கா. கொட்டகையில கட்டில் போட்டுத் தர்றேன்னு சொல்றேன்ல? நாலே நாளு."

"வந்த விருந்தாளி வீட்டுக்காரியைக் கொட்டகைக்கு அனுப்பறது எந்த ஊர் வழக்கம்? கிளாஸ்கோவுலே இப்படித்தானா?"

"வீட்டுக்காரி யாரு? காகிதத்துல யார் பேர் இருக்கு, அதைச் சொல்லு!"

அந்தக் கடைசி வார்த்தை எதிர்வீட்டுப் பெக்கிக்குத் தெளிவாகக் கேட்டது. அடுப்புக்குக் கரிமண் கட்டி எடுக்க வெளியே வந்தவள் அவள். ஒரு கட்டியைப் பொறுக்க அன்று அவளுக்கு அரைமணி நேரம் பிடித்தது. இருட்டுவதற்குள் ஹாவர்சே தீவின் இருபத்தாறு வீடுகளுக்கும் செய்தி போய்விட்டது: டொர்க்கில் பெண்டாட்டி பிள்ளையோடு புதன்கிழமைக் கப்பலில் வந்து இறங்கியிருக்கிறான், வந்ததும் வராததுமாக அக்காவைக் கொட்டகைக்குத் தள்ளுகிறான்.

அக்கா முர்டினாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பதினோரு வருஷம் தூக்கி உட்காரவைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, கடைசியில் கண்ணையும் மூடிவிட்டது அவள்தான்; இதற்கு நடுவில் மாப்பிள்ளை பார்க்க எங்கே நேரம்? அம்மாவும் நன்றிகெட்டவள் அல்ல. மகளுக்குத் தன் வேதாகமச் சங்கீதப் புத்தகத்தை எழுதிவைத்தாள். வீட்டையும் நிலத்தையும் மகனுக்கு எழுதிவைத்தாள். அதற்குப் பிறகும் முர்டினா அதே வீட்டில் இருந்து, அதே பதினாலு ஆடுகளை மேய்த்து, அதே வேலியைக் கட்டிக்கொண்டிருந்தாள். டொர்க்கில் கிளாஸ்கோவில் தன் தரைவிரிப்புக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

இதில் ஒரு சிக்கல். எங்கள் பக்கத்து நிலங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பேரில் வைத்திருப்பவன் அந்த மண்ணிலேயோ முப்பத்திரண்டு கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நில ஆணையம் பிடுங்கிக்கொள்ளும். கிளாஸ்கோவிலிருந்து இங்கே வர ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டி, பிறகு நாலு மணி நேரம் கப்பலில் வாந்தி எடுக்க வேண்டும். ஆனாலும் வருஷா வருஷம் வரும் படிவத்தில் "அங்கே வசிக்கிறேன்" என்ற கட்டத்தில் டொர்க்கில் கைநடுங்காமல் கோடு போட்டு அனுப்பினான். மூன்று வருஷம் ஓடியது. எந்தக் காற்று கொண்டுபோய்ச் சொன்னதோ, வெள்ளிக்கிழமை நேரில் பார்க்க வருகிறோம் என்று ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது.

"இப்பக் கேளுக்கா," என்றான் டொர்க்கில், குரலை இறக்கி. "நிலம் என் கையை விட்டுப்போனா வேற எவனோ வருவான். வர்றவன் உன்னை வச்சுக்குவானா? என் பேர்ல இருந்தா நீ சாகறவரைக்கும் இங்கயே இருக்கலாம். உன்னை யாரு போகச் சொல்லப்போறா?"

"அதை எழுதிக் குடு."

"அக்கா தம்பிக்குள்ள எழுத்து என்னத்துக்கு?"

முர்டினா தன் தலையணையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குத் தலைசாய்க்க வேறு இடம் கிடையாது. அது அவளுக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் தம்பி பெண்டாட்டி லொரெய்ன் கதவை விரியத் திறந்துவைத்துக்கொண்டு, தரை துடைக்கும் இயந்திரத்தைக் கடகடவென்று ஓட்டினாள். குடியிருக்கிற வீடு சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா! பாவம், கிளாஸ்கோக்காரி. வியாழன் தொடங்கித் திங்கள்வரை எங்கள் சபையில் திருவிருந்துக் காலம் என்பதோ, அந்த வியாழன் உபவாச நாள் என்பதோ, அன்று ஒருவன் ஆணிகூட அடிக்கமாட்டான் என்பதோ அவளுக்கு யார் சொன்னார்கள்? டொர்க்கிலே மறந்துபோயிருந்தான். முர்டினா ஓடிவந்து மின்கம்பியைப் பிடுங்கினாள்.

"என்ன முர்டினா, தூசி எடுக்கறதுகூட உங்க சாமிக்குப் பிடிக்காதா?"

"தூசி பிடிக்கும். சத்தந்தான் பிடிக்காது."

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி வந்தாள். சின்னப் பெண். மழையில் நனைந்த மேல்சட்டை, சேறு படாத பூட்ஸ். கூட ஃபின்லே வந்தார். எங்கள் தீவில் ஆள் குறைவு, வேலை அதிகம். ஆகவே ஃபின்லேயே பொதுமேய்ச்சல் நிலத்துக்குக் கிளார்க், சபைக்கு மூப்பர், யாராவது செத்தால் வண்டி ஓட்டுவதும் அவரே.

டொர்க்கில் அப்பாவின் பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தான். வயிற்றுக்கு மேல் பித்தான் பூட்டவில்லை. முர்டினா கையில் பையோடு, வந்த விருந்தாளிபோல் கதவோர நாற்காலியில் இருந்தாள்.

"எத்தனை நாளா இங்க இருக்கீங்க?" என்று அதிகாரி கேட்டாள்.

"அம்மா போனதிலேர்ந்து," என்றான் டொர்க்கில். "இந்தக் காத்தை விட்டுட்டு எங்க போறது, சொல்லுங்க."

லொரெய்ன் தேநீர் ஊற்றிவிட்டுச் சர்க்கரை தேடினாள். முதல் அலமாரியைத் திறந்தாள், ஆட்டுக்குப் பூச்சிமருந்து. இரண்டாவதைத் திறந்தாள், மெழுகுவர்த்தி. மூன்றாவதில் முர்டினாவின் குளிர்காலக் காலுறைகள். சர்க்கரை கடிகாரத்துக்குப் பின்னால் நீல டப்பாவில் இருந்தது. முர்டினாவின் கை மடியிலிருந்து ஓர் அங்குலம் எழுந்து மறுபடி மடிக்கே திரும்பியது. ஃபின்லே தன் தொப்பியின் உள்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தீந்துபோச்சு போல," என்றாள் லொரெய்ன்.

"பரவாயில்ல. நான் போடறதில்ல," என்றாள் அதிகாரி. பிறகு ஃபின்லே பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இவரு இங்கதான் குடியிருக்காரா?"

"என் வீடு அந்தக் கோடியில இருக்கும்மா. யாரு வர்றா, யாரு போறான்னு எனக்கு என்ன தெரியும்? வீட்டுக்குள்ள இருக்கறவங்களையே கேட்டுடுங்களேன்."

ஃபின்லே வீட்டு ஜன்னலில் ஒரு தொலைநோக்கி நிற்கிறது. வருகிற கப்பலில் எத்தனை கடற்காக்கை உட்கார்ந்திருக்கிறது என்றுகூட அவர் சொல்வார். ஆனால் அவரைக் குறைசொல்ல எங்களுக்கு வாயில்லை. டொர்க்கில் எங்கே இருக்கிறான் என்பது இருபத்தாறு வீட்டுக்கும் தெரியும். அன்று காலை அதிகாரியின் கார் போனபோது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று கையசைத்தோம். அவள் வழியில் காரை நிறுத்தி மூன்று பேரைக் கேட்டாள். மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அக்கம்பக்கத்தானை அதிகாரியிடம் காட்டிக்கொடுப்பது எங்களூரில் ஆடு திருடுவதைவிடக் கேவலம். பொய் சொல்வதும் பாவம். ஆகவே இரண்டுக்கும் நடுவில் நடக்கக் கற்றுவைத்திருக்கிறோம்.

நடுவில் நடக்க இடமில்லாமல் அகப்பட்டவள் முர்டினா ஒருத்திதான்.

"நீங்க யாரு?"

"இவனுக்கு அக்கா."

"நீங்களும் இங்கயா இருக்கீங்க?"

"இல்ல. பாக்க வந்தேன்."

அவளுடைய நாய் அவள் பாதத்தின்மேல் தாடையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"உங்க தம்பி வருஷம் பூரா இங்கதான் இருக்காரா?"

முர்டினா தம்பியைப் பார்க்கவில்லை. ஃபின்லேயைப் பார்த்தாள். அவர் தொப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இங்கதான் இருக்கான்."

அதிகாரி எழுதிக்கொண்டாள். கார் போனதும் டொர்க்கில் அக்காவைக் கட்டிப்பிடித்து உச்சந்தலையில் முத்தமிட்டான். முர்டினா அந்தப் பெண் குடித்த கோப்பையை மூன்று தடவை கழுவினாள்.

சனிக்கிழமை மதியக் கப்பலில் கிளம்பிவிடுவதாக டொர்க்கிலின் திட்டம். தென்மேற்குக் காற்று வேறு திட்டம் வைத்திருந்தது. கப்பல் இல்லை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தீவுக்குக் கப்பல் என்றைக்குமே கிடையாது. ஆக, திங்கள்வரை சிறை.

சும்மா இருக்க முடியாத லொரெய்ன் அளவுநாடாவை எடுத்து ஜன்னலை அளந்தாள். "இதை இடிச்சுப் பெருசாக்கினா கடல் முழுசாத் தெரியும்னு அவங்க சொன்னது சரிதான்."

"எவங்க?" என்றாள் முர்டினா.

லொரெய்ன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதில் சொன்னது அவர்களுடைய பத்தொன்பது வயது மகள் எஃபி, கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வீட்டை வாங்கப்போறவங்க அத்தை. லண்டன் பக்கம். கோடைக்கு மட்டும் வந்து இருப்பாங்களாம், படிவத்துல அப்பா மாதிரியே கோடு போட்டுக்குவாங்களாம். ஏன், அப்பா உங்ககிட்ட சொல்லலியா?"

முர்டினா எழுந்தாள். தொப்பியை மாட்டி, நாடாவைத் தாடைக்கடியில் இறுக்கி, அந்தக் காற்றில் ஆலயத்துக்கு நடந்தாள். மறுநாள் திருவிருந்துக்கு வருகிறவர்களுக்கு ஃபின்லே சின்ன ஈய வில்லை ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தார். அது இருந்தால்தான் மேஜைக்குப் போகலாம். இருபத்தேழு வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது. வாங்கி, கையுறைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிறு காலை டொர்க்கிலின் குடும்பம் முழுவதும் ஆலயத்தில் மூன்றாம் வரிசையில் முர்டினாவோடு உட்கார்ந்தது. வராமல் வீட்டில் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவனுக்கு மறக்கவில்லை. போதகர் வழக்கம்போல், யார் யாரெல்லாம் மேஜைக்கு வரத் தகாதவர்கள் என்று வாசித்தார்: களவு செய்கிறவர்கள், ஓய்வுநாளை மீறுகிறவர்கள், பொய்ச்சாட்சி சொல்லுகிறவர்கள். வருஷா வருஷம் கேட்பதுதான். நாங்கள் வருஷா வருஷம் அடுத்தவரை நினைத்துத் தலையாட்டுவதும் உண்டு.

பிறகு நூற்றுமூன்றாம் சங்கீதம் எழுந்தது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை அலைபோல் பின்னால் வந்தது. வெள்ளைத் துணி விரித்த நீள மேஜைக்கு, சபையார் ஒவ்வொருவராக எழுந்து நடந்தார்கள். பெக்கி போனாள். அதிகாரியிடம் மழையைப் பற்றிப் பேசிய மூன்று பேரும் போனார்கள். நாங்கள் எல்லோரும் போனோம். அப்பத்தையும் திராட்சைரசத்தையும் ஃபின்லே ஏந்திக்கொண்டு நின்றார்.

முர்டினா எழவில்லை.

மேஜையில் அவளுக்கான இடம் பெக்கிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. போதகர் காத்தார். சங்கீதம் முடிந்தது, மறுபடி ஒரு அடியைத் திருப்பிப் பாடினார்கள். அந்த இடைவெளியில் எஃபியின் குரல் ஆலயம் முழுவதும் கேட்டது.

"அத்தை, நீங்க போகலியா?"

டொர்க்கிலின் கழுத்து சட்டைக் காலர்வரை சிவந்தது. அவன் இந்த மண்ணில் பிறந்தவன். இருபத்தேழு வருஷம் மேஜைக்குப் போனவள் ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை அதிகாரியிடம் அவள் என்ன சாட்சி சொன்னாள் என்பது எங்களுக்கும் தெரிந்ததே.

வாசலில் மூப்பர் எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். முர்டினா கையுறையைக் கழற்றி, ஈய வில்லையை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உடம்பு சரியில்லையா முர்டினா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல மூப்பரே. உங்களுக்கு?"

ஃபின்லே விரல்களை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் டொர்க்கில் கதவைச் சாத்தினான். அந்தக் கதவு சாத்தினாலும் சத்தம் வெளியே வரும்.

"ஊர் பூராவுக்கும் சொல்லிட்டியேக்கா!"

"நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை."

"அதைத்தான் சொல்றேன்! பேசாம உக்காந்தே காட்டிக்கொடுத்துட்டே. ஃபின்லே இனிமே சும்மா இருப்பானா? மனச்சாட்சின்னு மட்டும் சொல்லாதே. வெள்ளிக்கிழமை எங்க போச்சு உன் மனச்சாட்சி? வீட்டை விக்கறேன்னு காதுல விழுந்ததும்தானே உக்காந்தே? உண்மையைச் சொல்லு. அதுக்குத்தானே?"

முர்டினா சூப் பானையை அடுப்பில் வைத்தாள். ஐந்து நிமிஷம் கழித்துதான் அடுப்பில் நெருப்பே இல்லை என்பதைக் கண்டாள்.

திங்கட்கிழமைக் கப்பலில் அவர்கள் போனார்கள். எஃபி மட்டும் கையசைத்தாள்.

ஃபின்லே இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். தூக்கம் வரவில்லை என்று அவர் மனைவி கடையில் சொன்னாள். பிறகு ஆணையத்துக்கு எழுதினார்: டொர்க்கில் அங்கே வசிப்பதாகத் தெரியவில்லை என்று. தாம் வெள்ளிக்கிழமை தொப்பிக்குள் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை எழுதவில்லை. ஆறு மாதத்தில் நிலம் டொர்க்கில் பேரிலிருந்து போய்விட்டது, வீட்டோடு சேர்த்து. புதிதாக விண்ணப்பங்கள் கேட்டார்கள்.

அன்றைக்கே ஃபின்லே படிவத்தோடு வந்து முர்டினாவின் கதவைத் தட்டினார். "பேரை எழுதிக் கையெழுத்துப் போடு, போதும். உன்னைவிட்டு வேற யாருக்குக் குடுப்பாங்க? இத்தனை வருஷமா இந்த மண்ணுல கிடக்கறே."

ஆனால் அதற்குள் ஊர் வேறு மாதிரி பேச ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று இப்போது புரிகிறது. அன்று நாங்கள் எல்லோரும் எழுந்து போனவர்கள். அவள் எதற்காக உட்கார்ந்தாள் என்பதற்கு எங்களைக் குத்தாத ஒரு காரணம் எங்களுக்குத் தேவைப்பட்டது. அதைக் கடையில் பெக்கிதான் கண்டுபிடித்துச் சொன்னாள்: "உக்காந்த இடத்துலேயே நிலம் சம்பாதிக்கற சாமர்த்தியம் நமக்கெல்லாம் வருமா!" சிரித்தோம். மாவு அலமாரிக்குப் பின்னால் முர்டினா நின்றதை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சிரித்திருப்போமோ என்னவோ.

"சனிக்கிழமை எஃபி வீடு விக்கற சேதியைச் சொல்லாம இருந்திருந்தா," என்று முர்டினா ஃபின்லேயைக் கேட்டாள், "ஞாயித்துக்கிழமை நான் எழுந்து போயிருப்பேனா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியலை. ஆறேழு மாசமா கேட்டுப் பாக்கறேன், தெரியலை. தெரியாம இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே. வேற எங்க போவே?"

"நீங்க போங்க ஃபின்லே. பால் பொங்குது."

படிவம் சன்னலோரத்தில் கெடு முடியும்வரை கிடந்தது.

நிலம் ஸ்கை தீவுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளம் தம்பதிக்குப் போனது. நல்ல மாதிரி, இரண்டு பிள்ளைகள், அதனால் பள்ளிக்கூடம் மூடாமல் தப்பித்தது. முர்டினாவும் ஒரு குளிர்காலம் கூடவே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னார்கள். அவள் அக்டோபர் சந்தைக்கு ஆடுகளை ஏற்றிவிட்டு, அதே கப்பலில் தானும் ஏறினாள். நாய்க்கு வயதாகிவிட்டது, அதற்கு முந்தின நாளே கடைசி ஊசி போட வைத்திருந்தாள். இன்வர்னெஸில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை, மாடியில் ஓர் அறை.

டொர்க்கில் கடையை விற்றுவிட்டு லொரெய்னோடு ஸ்பெயினுக்குப் போனான் என்கிறார்கள். எஃபி டண்டியில் ஒரு மின்வேலைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அத்தைக்கு அழைப்பு போகவில்லை. ஃபின்லே இன்னும் மூப்பர்தான். பெக்கி போன வசந்தத்தில் மகனோடு இருக்க அபர்டீன் போனாள். போகிற வழியில் இன்வர்னெஸில் இறங்கி முர்டினாவைப் பார்த்திருக்கிறாள். நன்றாக இருக்கிறாளாம், இளைத்துவிட்டாளாம். அங்கே எந்தச் சபைக்கும் போவதில்லையாம்.