வேம்புலியைப் போட்டாச்சு

கணினித் திரையில் உலவும் மனித உருவங்களுக்கு நான் தோல் ஜாக்கெட் தைக்கிறேன். தைக்கிறேன் என்பது முழுவதும் சரியான சொல் அல்ல. ஊசியும் நூலும் என்னிடம் இல்லை. இணையத்தில் ஒரு மெய்நிகர் உலகம் இருக்கிறது. அங்கே ஒவ்வொருவரும் தமக்கென்று ஓர் உருவத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடக்கிறார்கள், நடனமாடுகிறார்கள், வீடு கட்டிக்கொள்கிறார்கள். அந்த உருவங்கள் அணியும் ஜாக்கெட்டுகளை, பட்டாபிராமில் எங்கள் வீட்டு மாடி அறையில் அமர்ந்து நான் உருவாக்குகிறேன். அவை அவ்வுலகத்தின் கடை ஒன்றில் விற்கப்படுகின்றன.

என் கூட்டாளி ஜெர்வின் அண்ணன். மண்ணூர்பேட்டையில் ஒரு தோல் ஆடைக் கூடத்தில் பதினான்கு ஆண்டுகள் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கூடம் மூடப்பட்ட பிறகு என்னோடு சேர்ந்தார். கணினி வேலை முழுவதும் என்னுடையது. தோலைப் பற்றிய அறிவு முழுவதும் அவருடையது. முழங்கை மடிப்பில் தோல் எங்கே வெளுக்கும், பையின் ஓரம் எந்த இடத்தில் கறுக்கும் என்பது வரை அவர் விடமாட்டார். எங்கள் ஜாக்கெட்டுகளை வாங்குபவர்கள் அந்த நுணுக்கத்துக்காகவே வாங்கினார்கள்.

தொடக்கத்தில் ஒரு ஜாக்கெட்டைக் கடையில் ஏற்றியதும், “பதிவேற்றிவிட்டேன் அண்ணா” என்று அவருக்குத் தெரிவிப்பேன்.

“இன்னா எழிலு, ரேடியோல நியூஸ் வாசிக்கிறியா? போட்டாச்சுன்னு சொல்லும்மா” என்று அவர் சிரித்தார். நான் மாற்றிக்கொண்டேன்.

ஒவ்வொரு ஜாக்கெட்டுக்கும் நாங்கள் பார்த்த ஒருவருடைய பெயரை வைப்பது எங்கள் வழக்கம். ஆவடி சந்தையில் கீரை விற்கும் அம்மையாரின் பெயரில் சிவப்பும் பச்சையுமாக ஒன்று செய்தோம். “பஞ்சவர்ணத்தைப் போட்டாச்சு” என்று சென்ற ஆண்டு நான் சொன்னேன். அதனால் யாருக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை.

இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்ட பெயர் வேம்புலி.

திரு. வேம்புலி பூந்தமல்லி பேருந்து நிலையத்தை ஒட்டிய ஷேர் ஆட்டோ நிறுத்தத்தைத் தம் பிடியில் வைத்திருந்தவர். மே மாத வெயிலிலும் கறுப்புத் தோல் ஜாக்கெட் அணிந்திருப்பார். அதற்குக் காரணம் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன், மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், அவருடைய கூட்டாளி வீராசாமி என்பவரை எதிரிகள் வெட்டிக் கொன்றார்கள். கீழே விழுந்த வீராசாமியின் மீது தாம் குப்புறப் படுத்துக்கொண்டதாகவும், முதுகில் வெட்டு விழுந்து பன்னிரண்டு தையல் போட்டதாகவும் வேம்புலி சொன்னார். ஜாக்கெட்டின் முதுகில் இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை சென்ற கிழிசல்தான் அதற்குச் சாட்சி. அந்தக் கிழிசலைத் தைத்துக் கொடுத்தவர் ஜெர்வின் அண்ணன். கைக்கு வரும் தோலை உள்ளும் புறமும் படம் எடுத்து வைப்பது அவருடைய பழக்கம். அந்தப் படங்களை வைத்துத்தான் நான் நான்கு மாதங்கள் உழைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு வேலை ஒருவாறு முடிந்து, ஜாக்கெட்டைக் கடையில் ஏற்றினேன். ஜெர்வின் அண்ணனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அதை அப்படியே இங்கே தருகிறேன்.

“அண்ணா, வேம்புலியைப் போட்டாச்சு. கை ரெண்டையும் தனியா வெட்டி எடுத்துட்டேன். கழுத்துதான் சரியா உட்காரல, திரும்பவும் வெட்டணும். முதுகு வெட்டு நீங்க சொன்ன மாதிரியே விழுந்திருக்கு. நேரம் கிடைக்கிறப்ப தயவுசெய்து வந்து பாருங்க.”

சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் கை என்றும் கழுத்து என்றும் முதுகு என்றும்தான் நாம் சொல்கிறோம். வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்வின் அண்ணன் அப்போது மண்ணூர்பேட்டையில் ஒரு டீக்கடையில் இருந்தார். ஒரு கையில் டீ, ஒரு கையில் வடை. செல்பேசியைப் பெஞ்சின் மீது வைத்து, செய்தியைச் சத்தமாக ஓடவிட்டார். அடுத்த பெஞ்சில் இரண்டு பேருடன் அமர்ந்திருந்தவர் கோவிந்தன், இறந்துபோன வீராசாமியின் தம்பி. அண்ணன் போன நாளிலிருந்து வேம்புலியையே அண்ணனாக எண்ணி அவர் பின்னால் நடந்தவர். கோவிந்தன் உடனே வேம்புலியை அழைத்தார். வேம்புலியின் செல்பேசி அணைக்கப்பட்டிருந்தது. மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய், கொதிக்கும் பால் பாத்திரத்தை எடுத்து ஜெர்வின் அண்ணனின் மடியில் கவிழ்த்தார்.

எனக்குப் பன்னிரண்டரை மணிக்கு ஜெர்வின் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. குரல் அவருடையது அல்ல.

“வேம்புலி பாடி எங்க கீது?” என்று அந்தக் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் ஒருவர் முனகுவது கேட்டது.

நான் முதலில் புரியாமல் விழித்தேன். பிறகு, அது ஒரு ஜாக்கெட்டின் பெயர் ஐயா, மனிதர் அல்ல என்று விளக்கினேன். நான் விளக்கி முடிக்கும் முன் ஒரு சத்தம் கேட்டது. ஈரக் கிளையை ஒடிப்பது போன்ற சத்தம். அதன் மேல் ஜெர்வின் அண்ணனின் அலறல். மூன்று விரல் ஆகிவிட்டது, இடது கையில் இன்னும் இரண்டு இருக்கிறது, அதற்குப் பிறகு வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிடுவோம், போலீசுக்குப் போனால் இப்போதே எடுத்துவிடுவோம் என்று அந்தக் குரல் அவசரமில்லாமல் தெரிவித்தது. நான் நேரில் வந்து காட்டலாமா என்று அனுமதி கேட்டேன். கிடைத்தது, வர வேண்டிய இடத்தையும் சொன்னார்கள்.

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பட்டாபிராமில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கினேன். ஆட்டோவில் போகும்போது, ஜெர்வின் அண்ணன் கத்தி பிடிப்பதும் கத்தரிப்பதும் வலது கையால்தான் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அவரை வைத்திருந்தது அவர் முன்பு வேலை செய்த, மூடிக்கிடந்த கூடத்தில். நீளமான வெட்டுமேசை அங்கேயே இருந்தது. அதன் மீது அவருடைய இடது கையை விரித்து ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார். தோலின் மேல் வைக்கும் மாதிரி அட்டை நகராமலிருக்க இரும்புக் கட்டிகள் உண்டு. அதில் ஒன்று கோவிந்தனின் கையில் இருந்தது. நடுவிரலும் அதன் இருபுறத்து விரல்களும் தட்டையாகி, நகங்கள் பெயர்ந்து, ஒரே நீலமாக இருந்தன. மேசை விளிம்பிலிருந்து இரத்தம் சொட்டியது. கால்சட்டை தொடையோடு ஒட்டிப்போயிருந்தது. ஒரு கண் திறக்கவில்லை.

“வந்துட்டியா எழிலு” என்று மட்டும் சொன்னார்.

நான் வணக்கம் சொன்னேன். கோவிந்தன் திரும்பச் சொல்லவில்லை. மேசையின் மறுமுனையில் கணினியைத் திறந்து, செல்பேசியிலிருந்து இணைய இணைப்பு கொடுத்தேன். அந்தத் தகரக் கூரையின் கீழ் அது மெதுவாகத்தான் வந்தது. திரையில் முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டை உருவம் நின்றது.

“இன்னா இது, பேய் பொம்ம காட்டுற?” என்று கோவிந்தன் கேட்டார்.

தயவுசெய்து ஒரு நிமிடம் பொறுங்கள் என்றேன். அவர் பொறுக்கவில்லை. இரும்புக் கட்டி இறங்கியது. நான்காவது விரல். நான் மிக அருகில் நின்றதால் என் கன்னத்தில் ஏதோ தெறித்தது. ஜெர்வின் அண்ணன் இம்முறை கத்தவில்லை. நெற்றியை மேசையில் மோதிக்கொண்டார்.

அப்போது ஜாக்கெட் வந்தது. தோளில் தொடங்கி, வெளுத்த முழங்கை, துருப்பிடித்த ஜிப், கழுத்துப் பட்டியில் தலையெண்ணெய்ப் பளபளப்பு என்று ஒவ்வொன்றாகத் திரையில் நிறைந்தது. உருவத்தைத் திருப்பினேன். முதுகில் அந்த வெட்டும், அதன் மேல் தையலும் இருந்தன. பிடித்துக்கொண்டிருந்தவர் கையைத் தளர்த்தி எட்டிப் பார்த்தார்.

“கறுப்பு ஜாக்கெட்டு யார்னா போடுவான். இது எங்க அண்ணாத்தயோடதுதான்னு நான் எப்படி நம்பறது?” என்றார் கோவிந்தன். அவர் பார்வை ஜெர்வின் அண்ணனின் வலது கைக்குச் சென்றது.

அந்தப் பார்வைதான் என்னைப் பேச வைத்தது. வெளியே தெரிவது மட்டுமல்ல ஐயா, உள்ளே இருப்பதையும் ஒரு நூல் விடாமல் செய்திருக்கிறேன் என்றேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

“வேணாம் எழிலு” என்றார் ஜெர்வின் அண்ணன். ஏன் வேண்டாம் என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வலியில் பேசுகிறார் என்று நினைத்தேன்.

நான் ஜிப்பைத் திறந்து, முன்பக்கத்தை விரித்து, லைனிங்கைக் காட்டினேன். லைனிங்கிலும் ஒரு நீண்ட தையல் இருந்தது. முதுகில் மட்டுமல்ல, நெஞ்சுப் பக்கத்து உள்துணியிலும், அதே சாய்வில், முதுகு வெட்டுக்கு நேர் எதிரே. இவை ஜெர்வின் அண்ணன் தைத்தவைதான் என்று மூலப் படங்களையும் பக்கத்தில் திறந்து வைத்தேன்.

கோவிந்தன் நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஒரு விரலால் திரையில் முதுகுக் கோட்டைத் தொட்டார். அதே விரலால் நெஞ்சுக் கோட்டைத் தொட்டார்.

“முதுகுல வெட்டினா நெஞ்சுல எப்படி மாஸ்டர் கிழியும்? நடுவுல ஆளோட உடம்பு கீதுல்ல?”

இரும்புக் கட்டி ஜெர்வின் அண்ணனின் வலது மணிக்கட்டின் மீது வந்து, மெதுவாக, எடை தெரியும்படி உட்கார்ந்தது.

“உள்ள ஆளு இல்ல” என்றார் அவர். “மேசைல விரிச்சுப் போட்டு அறுத்தது. கோடு போட்ட மாதிரி நேரா கீது பாரு. உடம்பு மேல விழுந்தா அப்படி விழாது. எனக்கு அன்னிக்கே தெரியும். உயிருக்குப் பயந்து சொல்லல.”

அப்போது கோவிந்தனின் செல்பேசி ஒலித்தது. அழைத்தவர் வேம்புலி. ஆவடியில் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்ததால் காலையிலிருந்து தம் செல்பேசியை அணைத்து வைத்திருக்கிறார். வாயில் பஞ்சு இருந்ததால் பேச்சு குழறியது. தாம் செத்துவிட்டதாகச் செய்தி பரவியிருப்பதைக் கேட்டுச் சிரிக்கிறார் என்பது மட்டும் எனக்கே கேட்டது. மற்ற இருவரும் மகிழ்ச்சியில் ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

“கூடத்துக்கு வா அண்ணாத்தே. உன்னப் பாத்தாதான் மனசு ஆறும்” என்றார் கோவிந்தன்.

வேம்புலி வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் என் துப்பட்டாவைக் கிழித்து ஜெர்வின் அண்ணனின் விரல்களைக் கட்டினேன். என் செல்பேசி கணினிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. வாசலில் பைக் சத்தம் கேட்டபோது நான் கூவியிருக்கலாம். ஜெர்வின் அண்ணனின் வலது கை இன்னும் மேசை மேல் இருந்தது. நான் கூவவில்லை.

வேம்புலி கன்னம் வீங்கி, ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றும்படி கோவிந்தன் மரியாதையாகவே கேட்டார். கழற்றியதும் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகு வியர்வையில் பளபளத்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“பன்னெண்டு தையல் எங்க அண்ணாத்தே?”

வேம்புலி பேசத் தொடங்கினார். வேகமாகவும் நீளமாகவும் பேசினார். மரத்துப்போன நாக்கும் பஞ்சும் எதையும் சொல்லாக விடவில்லை. வீராசாமி என்ற பெயர் மட்டும் இரண்டு முறை கேட்டது. அவர் சொன்னது பொய்யோ, மெய்யோ, மன்னிப்போ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“ஜாக்கெட்டப் போட்டுக்க” என்றார் கோவிந்தன். வேம்புலி போட்டுக்கொண்டு, கைகூப்பியபடி பின்னால் நகர்ந்து, திரும்பி ஓடினார். மூன்றாவது அடியில் கோவிந்தனின் கத்தியால் முதல் வெட்டு விழுந்தது, இடது தோளிலிருந்து. ஜெர்வின் அண்ணன் சொன்னது சரிதான். அது நேராக விழவில்லை. தோள் எலும்பில் தட்டி வளைந்து, தோலை இழுத்துச் சுருட்டிக்கொண்டு, விலாவில் போய் நின்றது. நான் நான்கு மாதம் உழைத்துச் செய்த வெட்டு அப்படி இல்லை. இரண்டாவது கழுத்தில் இறங்கியது. அவர் வாயிலிருந்த பஞ்சு சிவப்பாக வெளியே வந்து விழுந்தது. தடுக்க உயர்த்திய கையில் மூன்றாவது. அதற்குப் பிறகு கீழே கிடந்தவரின் மீது எத்தனை என்று தெரியவில்லை. தரையில் குதிகால்கள் அடித்துக்கொண்டிருந்தன, பிறகு நின்றன.

கோவிந்தன் கத்தியை ஜாக்கெட்டின் ஓரத்திலேயே துடைத்தார். செல்பேசியை எடுத்து யாருக்கோ செய்தி பேசினார்.

“வேம்புலியப் போட்டாச்சு.”

பிறகு என்னைப் பார்த்து, மாஸ்டரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படி சொன்னார்.

ஜெர்வின் அண்ணனின் இடது கையில் இப்போது கம்பி வைத்திருக்கிறார்கள். வலது கை முழுதாக இருக்கிறது. காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் அம்மையார் என் குரல் செய்தியை மூன்று முறை கேட்டார். காலை பதினொன்று பத்துக்கே ஒருவர் கொல்லப்பட்டதாகச் சொல்கிறது, அவர் இறந்ததோ பிற்பகல் மூன்றரைக்கு, இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று கேட்டார். நடந்ததை எழுதித் தரச் சொன்னார். பேச்சு வழக்கில் எழுத எனக்குக் கை வரவில்லை. முதல் வரியில், ‘அன்று காலை வேம்புலி என்னும் ஜாக்கெட்டைப் பதிவேற்றினேன்’ என்று எழுதினேன்.

அவர் படித்துப் பார்த்துவிட்டு ‘பதிவேற்றினேன்’ என்ற சொல்லின் மீது பேனாவை வைத்தார். “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா.”

ஆமாம் மேடம் என்றேன். லைனிங்கைத் திறந்து காட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு தாள் கிடைக்குமா என்று கேட்டு வாங்கி, அதையும் எழுதி, பைக் சத்தம் கேட்டபோது நான் வாய் திறக்காமல் இருந்ததையும் எழுதி, கீழே கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.