தண்ணீர்: இல்லை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சத்தியம் செய்வதற்காக என் மனைவியிடம் தலையைக் காட்டச் சொன்னேன். "உங்க சத்தியத்துக்கு என் தலைதான் கெடைச்சுதா? இருக்கற நாலு முடியும் கொட்டிப்போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். ஆகவே என் தலையிலேயே கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். அதில் கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பதால் சத்தியத்தின் மதிப்பு குறைந்துவிடாது.

வசந்தப் பருவத்தின் மூன்றாம் வாரம், திங்கட்கிழமை காலை எட்டரை மணி. தாவரவியல் துறையின் கண்ணாடிக் கூடத்தில் ஏழாம் நம்பர் தொட்டிக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்தேன். மண் ஈரமாக இருந்தது. விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி நுழைத்தேன். மறுபடியும் ஈரம். ஏழாம் நம்பர், தண்ணீர் ஊற்றக் கூடாத வரிசையைச் சேர்ந்தது.

நான் முப்பத்து மூன்று வருடம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவன். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்தால் துருப்பிடித்துவிடுவேன் என்று பயந்து, அறுபத்தைந்தாவது வயதில் முதுகலை வகுப்பில் சேர்ந்தேன். "இது உங்களுக்குத் தேவையாப்பா?" என்று மகன் போனில் கேட்டான். "தேவையானதையெல்லாம் முப்பத்து மூணு வருஷம் பண்ணியாச்சுடா" என்றேன். எனக்குக் கிடைத்த ஆராய்ச்சி எளிமையானது. இருபத்து நான்கு பீன்ஸ் செடிகள். பன்னிரண்டுக்குத் தினமும் தண்ணீர், பன்னிரண்டுக்குச் சொட்டுக் கூடக் கிடையாது. காய்கிற வரிசை எந்த நாளில் வாடுகிறது, எந்த நாளில் சாகிறது என்று குறித்து, வரைபடம் போட்டு, பருவ முடிவில் கருத்தரங்கில் காட்ட வேண்டும். வழிகாட்டியான மேடம், என் மகளாக இருக்கக்கூடிய வயதுக்காரர், முதல் நாளே சொல்லிவிட்டார்: "கணக்கு காட்டலன்னா இரண்டாம் வருஷம் இடம் கெடையாது சார். வயசுக்குச் சலுகை எல்லாம் இங்க இல்ல." இந்த வயதில் ஒரு கல்லூரி வெளியே அனுப்பினால் இன்னொரு கல்லூரி உள்ளே கூப்பிடுமா? நீளமான பதிவேடு ஒன்றைத் தைத்துக்கொண்டு, தினமும் காலையில் காய்கிற வரிசைக்கு எதிரே குண்டு குண்டான எழுத்தில் 'தண்ணீர்: இல்லை' என்று எழுதி வந்தேன்.

மீட்டர் ஓடாத வீட்டில் ரோஜா பூத்திருந்தால் அங்கே திருட்டுக் குழாய் இருக்கிறது என்று அர்த்தம். என் உத்தியோகம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். அந்தத் திங்கட்கிழமை பன்னிரண்டு தொட்டிகளையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். காய்ந்த மண் இருந்தால் தொட்டி கணீர் என்று பேசும். ஈர மண் இருந்தால் வாயில் சோறு வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். பன்னிரண்டும் வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசின. எனக்குப் பழைய உத்தியோகம் திரும்பி வந்ததுபோல் மூக்கு வியர்த்தது.

யார்? கண்ணாடிக் கூடத்துக்குள் வந்து போகிறவர்கள் அதிகம் இல்லை. முதலில் என் வகுப்பில் இருக்கும் பெண். எந்த வகுப்புக்கும் இருபது நிமிடம் தாமதமாக வருவதால் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். அடுத்தவன், காதோடு காதாக மட்டுமே பேசத் தெரிந்த பையன். அவனை எல்லோரும் 'ஸ்பீக்கர்' என்போம். மூன்றாமவர் தோட்டக்காரர், என்னைவிட ஆறு வயது சின்னவர், 'அண்ணே' என்று கூப்பிடுவார். நான்காவது மேடம். மேடத்தைச் சந்தேகப்படுவது முறையல்ல என்பதால் அவரைப் பட்டியலில் கடைசியாக எழுதினேன்.

அந்த வசந்தத்தில் மூச்சுவிட நேரமில்லை. காலையில் புள்ளியியல், பிறகு வேர்களைப் பற்றி ஒரு மணி நேரம், மதியம் ஆய்வகம், இவற்றுக்கு நடுவே யாருக்காவது கேக். கடிகாரத்துக்குப் பிறந்தநாள். ஸ்பீக்கருக்கு நிச்சயதார்த்தம், அந்தப் பெண்ணிடம் எப்படிச் சம்மதம் கேட்டான், அவளுக்கு எப்படிக் கேட்டது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. தோட்டக்காரரின் மகளுக்கு வேலை. மேடத்துக்குப் பதவி உயர்வு. நான் காகிதத் தட்டைக் கையில் ஏந்தியபடி எல்லாவற்றிலும் நின்றேன், சிரித்தேன், யார் எத்தனை நிமிடம் அறையில் இல்லை என்று குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு கொண்டாட்டத்துக்கும் மறுநாள் என் செடிகள் நான்கு விரற்கடை வளர்ந்திருந்தன. மண்ணை முகர்ந்தால் ஒருநாள் ஆரஞ்சு ஜூஸ் வாசம். இன்னொரு நாள் டீ. ஒன்பதாம் நம்பரில் பாதி முந்திரிப்பருப்பு கிடைத்தது.

நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. "என்னம்மா, நான் வந்ததும் ஊமையாயிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தாத்தா, பாடம்தான் பேசிட்டிருந்தோம்" என்றாள் கடிகாரம். முதுகலையில் பாடம் பேசுகிற மாணவர்களை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. என் சந்தேகம் உறுதியாயிற்று.

ஏழாவது வாரத்தில் நிலைமை கைமீறிப்போனது. தண்ணீர் குடிக்கிற வரிசை ஒழுங்காக முழங்கால் உயரத்தில் நிற்க, தாகத்தில் கிடக்க வேண்டிய வரிசை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. மேடம் ஒருநாள் அங்கே குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். நாலாம் நம்பர் மூன்றே நாளில் அதைக் கைப்பிடிவரை சுற்றிக்கொண்டது. குடையை எடுக்க வேண்டுமென்றால் செடியை அறுக்க வேண்டும், ஆராய்ச்சி முடியும்வரை அறுக்கக் கூடாது என்பது விதி, விதியை எழுதியவர் மேடம். இரண்டு மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். ஒன்பதாம் வாரம் கூடத்தின் கதவைத் திறக்க நான் ஒருவன் தள்ளினால் போதவில்லை, உள்ளேயிருந்து கொடி இழுத்தது. தோட்டக்காரரும் வந்து தோள் கொடுத்தார். "வீரியமான விதைண்ணே" என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

பதினோராம் வாரம் எனக்கு அறுபத்தாறு பிறந்தது. துறையில் கேக் வைத்து, என் மனைவியையும் வரவழைத்திருந்தார்கள். நல்ல சந்தர்ப்பம். மெழுகுவத்தியை ஊதினேன், ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டேன், கை கழுவப் போவதுபோலப் போய்க் கண்ணாடிக் கூடத்தில் உரமூட்டைகளுக்குப் பின்னால் குந்தினேன். பட்டப்பகல், மூன்று மணி. அரை மணி நேரம் ஆகியும், பிறந்தநாள்காரனைக் காணவில்லையே என்று ஒருத்தரும் தேடவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

முதலில் கடிகாரம் வந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சீக்கிரம். கையிலிருந்த ஜூஸை ஆறாம் நம்பரிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றினாள். "குடிச்சுக்கோங்க. அவர் வர்றதுக்குள்ள இலையைக் கொஞ்சம் வாட்டமா வெச்சுக்கோங்க, என்ன?" என்று செடிகளுக்குப் புத்தி சொன்னாள். அவள் போனதும் ஸ்பீக்கர் டீக் கோப்பையோடு வந்து, செடிக்குக் கூட ரகசியமாகவே ஏதோ சொன்னான். பிறகு தோட்டக்காரர், பூவாளியோடு, ஒளிவுமறைவே இல்லாமல். ஒருவர் ஊற்றுவது மற்றவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூட்டுச் சதி இல்லை. தனித்தனித் திருடர்கள். வாரியத்தில் இருந்தபோதும் இதுதான் பிடிக்கக் கஷ்டமான வகை.

மூட்டைக்குப் பின்னாலிருந்து எழப் போனேன். அப்போது கதவு மறுபடி திறந்தது. என் மனைவி. கைப்பையிலிருந்து வீட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, கடைசித் தொட்டி வரை நிதானமாக ஊற்றினாள். பிறகு பன்னிரண்டாம் நம்பரின் இலையைப் புறங்கையால் தடவினாள்.

"தினமும் சாப்பிடும்போது உங்க கதைதான் சொல்றார்" என்றாள் அதனிடம். "மனசு கேக்கல. முப்பத்தெட்டு வருஷமா பாக்கறேன், அந்த மனுஷனுக்கு அடுத்தவங்க தாகம் தெரியாது."

நான் எழவில்லை. எழுந்து கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். கால் மரத்துப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரியத்தில் இணைப்பைத் துண்டிக்கிற வேலையும் என்னுடையதுதான். திருகாணியை முடுக்கிவிட்டு, அந்த வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்கு நடப்பது என் வழக்கம். நல்ல வேலைக்காரன் என்று பெயர் வாங்கியது அதனால்தான். திரும்பிப் பார்த்தால் மறுநாள் வேலைக்கு வர முடியாது. உரமூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தபோது அந்த வாசல்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு மனைவி பாட்டிலை மூடிக்கொண்டு போனாள். நான் மேலும் ஒரு துண்டு கேக் சாப்பிடப் போனேன்.

கருத்தரங்கு நாள். தொட்டிகளை மேடைக்குக் கொண்டுவர முடியாததால் எல்லோரும் கண்ணாடிக் கூடத்துக்கே வந்து, பச்சை இலைகளுக்கு அடியில் குனிந்து நாற்காலி போட்டுக்கொண்டார்கள். என் மனைவியும் வந்திருந்தாள். மேடம் என் பதிவேட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் 'தண்ணீர்: இல்லை'. தலையைத் தூக்கி, கூரையில் முட்டிக்கொண்டிருந்த காட்டைப் பார்த்தார்.

"சார், எழுபத்தேழு நாளா தண்ணியே இல்லாம இப்படி வளர்ந்துதா?"

ஆம் என்று சொல்லியிருந்தால் உலகம் என்னைத் தேடி வந்திருக்கும். தண்ணீர் வேண்டாத பீன்ஸ்! இல்லை என்றால் இடம் போய்விடும். ஸ்பீக்கர் தன் ஷூவைப் பார்த்தான். கடிகாரம் கூரையைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாரியத்தில் அறிக்கை படிக்கிற குரலில் ஆரம்பித்தேன். "இந்தக் கூடத்துல தண்ணி திருட்டு நடந்திருக்கு மேடம். வழக்கமா எடுத்துட்டுப் போறதுதான் திருட்டு. இங்க கொண்டுவந்து ஊத்தியிருக்காங்க." ஆரஞ்சு விதை, டீத்தூள், பாதி முந்திரிப்பருப்பு, தேதி வாரியாக எடுத்து மேசைமேல் வைத்தேன்.



"பாவமா இருந்துச்சு தாத்தா" என்று கடிகாரம் எழுந்தாள். ஸ்பீக்கர் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "நானும்தான்" என்றான். அவன் குரல் கட்டையானது என்று துறைக்கே அன்றுதான் தெரிந்தது. "வாடறதைப் பாத்துட்டு நிக்கறதுக்கா எனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று தோட்டக்காரர் கோபமாகவே எழுந்தார். என் மனைவி எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். மேடம் மட்டும் எழுந்து நிற்கவில்லை. அவர் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார், குடையின் கைப்பிடியைத் தொட்டபடி.

கடைசியில் மேடம் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "அடுத்த பருவம் மொதல்லேருந்து பண்ணுங்க சார். இதுதான் கடைசி வாய்ப்பு. புதுப் பூட்டு, ஒரே சாவி. உங்ககிட்ட மட்டும் இருக்கட்டும். இந்தத் துறையிலேயே அந்தச் செடிங்கமேல இரக்கம் வராத ஒரே ஆள் நீங்கதான்." எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி தட்டவில்லை. அதற்கும் ஒரு கேக் வெட்டினார்கள்.

சாவி இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. புதிய பீன்ஸ் முளைத்து ஒரு சாண் உயரம் வந்துவிட்டது. காய்கிற வரிசைக்கு இன்றோடு பத்து நாள் ஆகிறது. இலைகள் திட்டு வாங்கிய நாய்க்குட்டியின் காதுபோல மடிந்து தொங்குகின்றன. தட்டினால் தொட்டிகள் கணீர் என்று பேசுகின்றன. இன்றைய பக்கத்தில் 'தண்ணீர்: இல்லை' என்று எழுதி மை காய்வதற்காகத் திறந்து வைத்திருக்கிறேன். கூடத்தின் மூலைக் குழாயில் யாரும் சரியாக மூடாத ஒரு சொட்டு நெடுநேரமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு டம்ளர்.

பதிவுக்காக ஒரு தகவல். போன பருவத்தில், இரண்டாம் வாரம் வியாழக்கிழமை காலை, வேறு யாரும் வருவதற்கு முன்னால், அந்தப் பன்னிரண்டு செடிகளுக்கும் தொட்டிக்கு அரை டம்ளர் வீதம் முதன்முதலில் தண்ணீர் ஊற்றியவன் நான்.