எந்தப் பக்கத்து இடது

"உங்க எலியெல்லாம் ஒரே வகைதான்னு யாரும்மா சொன்னது?" என்று பேராசிரியர் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஆராய்ச்சி மாணவியான அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எலியின் செல் மேல் ஒரு புரதம் நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு பள்ளம். செல்லுக்குள் இருப்பதில் ஒரு துணுக்கை அதில் ஏந்திக் காட்டும். நோய் எதிர்ப்புச் செல்கள் அதைத் தடவிப் பார்த்து நம்ம ஆளா, அந்நியனா என்று முடிவு கட்டும். அந்தப் பள்ளத்தை அணு அணுவாக வரைவதுதான் அவள் ஆராய்ச்சி. திரையில் வந்த படத்திலோ, பள்ளத்தின் ஓரத்தில் இரண்டு உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கிக் கிடந்தன. பள்ளத்தின் வடிவம் எலி வகைக்கு வகை மாறும்; புரதம் எடுத்த எலிகளில் இரண்டு வகை கலந்தால்தான் அப்படி வரும்.

இரண்டு வகையும் கறுப்பு. காதுத் துளைதான் அடையாளம்: முதல் வகைக்கு இடது, மற்றதற்கு வலது. பெரிய எலிகளுக்குத் துளை போட்டது அவள். குட்டிகளுக்குப் போட்டது அண்ணி. அண்ணிக்கு அந்த எலி அறை வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

சந்தேகம் வந்துவிட்டால் எல்லாமே கண்ணில் குத்தும். அவள் உள்ளே நுழைந்தால் அண்ணி பேச்சை நிறுத்துகிறாள். கூண்டைப் படக்கென்று மூடுகிறாள். செத்த குட்டிக்குப் பதிலாக அடுத்த கூண்டிலிருந்து எடுத்துப் போட்டு ஒப்பேற்றுகிறாளோ? அண்ணனிடம் அவள் மூச்சு விடவில்லை. நேரே பேராசிரியரிடம் போய்த் தன் சந்தேகத்தைச் சொல்லிவிட்டாள். வேறு ஆள் போட்டுக்கொள்ளலாம் என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் எலி அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியிலேயே அண்ணியின் குரல் கேட்டது. உள்ளே வேறு யாரும் இல்லை. ஒரு குட்டியை "திருடா" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் வெட்கப்பட்டு நிறுத்தினாள்.

"இடது காதுல எப்படிப் போடுறீங்க, காட்டுங்க அண்ணி."

"என்ன, பரீட்சையா?" அண்ணி சிரித்தபடி குட்டியைத் தன் முகத்துக்கு நேரே தூக்கினாள். தனக்கு இடப்பக்கம் தெரிந்த காதில் துளை போடும் இடுக்கியை வைத்தாள்.

அது எலியின் வலது காது.

"எலியோட இடது அந்தப் பக்கம் அண்ணி. நான் முதுகுப்பக்கமாத்தான் பிடிப்பேன்."

"மூஞ்சியப் பாத்துப் பிடிச்சாத்தான் கடிக்காது. நீ இடதுன்னுதானே சொன்ன?"

ஆமாம், யாருடைய இடது என்று அவள் சொல்லவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் பேராசிரியர் வாசலில் நின்றார்.

"நாளைலேர்ந்து வர வேண்டாம்மா. உங்க நாத்தனார் எல்லாம் சொல்லிட்டாங்க."

"சார், தப்பு என்னோடது" என்றாள் அவள்.

அண்ணி குட்டியைக் கூண்டில் விட்டு மெல்ல மூடினாள். கையுறையைக் கழற்றினாள். முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு வெளியே போய்விட்டாள்.