கவனிப்பு

என் மச்சான் வேலையில் சூரன், விவரத்தில் பூஜ்ஜியம். பெண்டாட்டியின் ஒரே தம்பி ஆயிற்றே என்று, கடல் தாண்டி இந்த ராணுவ முகாமுக்கு அவனை இழுத்து வந்தது நான்தான். "தம்பியக் கவனிச்சுக்கோங்க," என்று சொல்லித்தான் அவள் வழியனுப்பினாள்.

முகாமுக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்யும் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். குளிர்கிடங்கில் காலாவதியான கோழிப் பெட்டிகளின் தேதி ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் புதுத் தேதி ஒட்டுவோம். ஒட்டுவது மச்சான். பெட்டிகளைச் சோதிக்கும் அதிகாரிக்குப் பண உறை போய்விடும். சிப்பாய்களுக்கு வயிறு கலங்கினால், பழியைத் தண்ணீர் மேல் போடுவோம்.

போன வாரம் அந்த அதிகாரியை மாற்றிவிட்டார்கள். புதியவர், நாங்கள் கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கரின் ஓரத்தையும் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். மச்சானைத் தனியே கூப்பிட்டு, "ஆளு ஒரு மாதிரி. கொஞ்சம் கவனி," என்றேன். எங்கே போகிறார், எதைத் தொடுகிறார் என்று பார்த்துவைக்கத்தான் சொன்னேன்.

மடையன், கவனித்துவிட்டான். உறையை நேராக அவர் மேஜையில் வைத்து, சல்யூட் வேறு அடித்தானாம்.

இன்று காலை என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. அதிகாரி, அவர் பக்கத்தில் நம் பாஷை தெரிந்த மொழிபெயர்ப்பாளர். மூலையில் மச்சான் நின்றான். சட்டைக் கையில் ஸ்டிக்கர் துண்டு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது.

"மாமா வந்துட்டாரு. அவரே சொல்வாரு," என்றான்.

"நீங்கதான் கவனிக்கச் சொன்னீங்களாம். அதுக்கு என்ன அர்த்தம்னு சார் கேக்கறாரு," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இந்த முகாமுக்கு வந்த நாளாய் நான் உண்மை பேசியதில்லை. இன்று பேசினேன்.

"கவனின்னா பார்க்கறது, சார். கண்ணால பார்க்கறது. வேற எதுவும் நான் சொல்லல."

இரண்டு சிப்பாய்கள் மச்சானை வெளியே கூட்டிப்போனார்கள். கதவைத் தாண்டும்வரை என்னையே பார்த்துக்கொண்டு போனான். அதிகாரி மேஜை ஓரத்தை நகத்தால் சுரண்டியபடி ஏதோ சொன்னார்.

"நீங்க போகலாம். ஆனா முகாமை விட்டு வெளிய போகக்கூடாதாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அறைக்கு வந்து உட்காரக்கூட இல்லை, வீட்டிலிருந்து போன்.

"தம்பி போன எடுக்கவே மாட்டேங்கறான். அவனைக் கவனிச்சுக்கறீங்கல்ல?"



"கவனிச்சுட்டேன்," என்றேன்.