குமிழ் சுற்றவில்லை

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கழுத்தில் ஒரு பழைய கேமரா தொங்கினால் போதும். உள்ளே ஃபிலிம் இருக்கிறதா, எலி குட்டி போட்டிருக்கிறதா என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. கெடுத்துவிட்டு மல்லுக்கு வருவார்கள். பழைய கேமராக்களைப் பழுது பார்த்து விற்கும் கிழவருக்கு இது தினப்படி புலம்பல். யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் இறுக்கியே வைப்பதால் தெருவில் அவருக்குத் திருகாணி என்று பெயர்.

பத்து நாள் முன்பு கேமரா வாங்கிப்போன மருந்துக்கடைப் பெண் அதையும், கழுவியும் ஒரு படம்கூட விழாத ஃபிலிமையும் மேஜைமேல் வைத்ததும், பாதியில் பின்மூடியைத் திறந்திருப்பாள் என்று திருகாணி தீர்ப்பே எழுதிவிட்டார்.

திறக்கவில்லை என்றாள் அவள். எட்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா எழுந்து யாரும் பிடிக்காமல் நாலு அடி நடந்தாளாம். ஆனால் நர்ஸ்தான் பின்னாலிருந்து தாங்கினாள், நானாவது நடப்பதாவது என்று மறுநாளே படுத்துக்கொண்டாளாம். போனில் எடுத்ததைக் காட்டினால், படத்திலிருந்து நர்ஸை அழித்துவிட்டாய் என்கிறாளாம். அன்றைக்கே இந்தக் கேமராவிலும் எடுத்தது ஃபிலிமில் வந்தால் நம்புவாள்.

திருகாணிக்கு அந்த அம்மாவை உடனே பிடித்துப்போயிற்று.

ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தார். மூடி திறந்திருந்தால் கறுத்திருக்கும். இதுவோ தண்ணீர் மாதிரி இருந்தது, ஓரத்து நம்பர் மட்டும் தெரிந்தது. கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினார். ஷட்டர் ஒழுங்காகத் திறந்து மூடியது.

"ஃபிலிம் நகர்ந்தா இடதுபக்கக் குமிழ் சுத்தணும். லீவரைத் தள்ளும்போதெல்லாம் சுத்திச்சா?"

"அது அசையவே இல்லையே. நீங்கதான் எதையும் தொடாதேன்னீங்க."

திருகாணிக்குக் கேமராவை விற்ற நாள் நினைவுக்கு வந்தது. அன்று ரோலை அவள் கையிலிருந்து பிடுங்கி மாட்டியவர் அவரேதான். பக்கத்தில் ஒருத்தன் லென்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தான். பையில் போட்டுக்கொள்வானோ என்று ஒரு கண் அவன்மேலேயே இருந்தது. ஃபிலிம் நுனி சுருளில் சிக்கியதா என்று பார்க்காமல் மூடிவிட்டார். முப்பத்தாறு தரம் அழுத்தியும் ஃபிலிம் ஒரு விரற்கடைகூட நகராமல் தன் டப்பாவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அவள்மேல் பழியைப் போட்டால் தெரியப்போவதில்லை. கொஞ்ச நேரம் துணியால் மேஜையைத் துடைத்தார்.

"மாட்டினது நான். தப்பு என்னுது" என்றார் கடைசியில், யாரையோ திட்டுகிற குரலில். புது ரோலை எடுத்தார், நுனியைச் சொருகினார், குமிழ் சுற்றுவதை இரண்டு தரம் பார்த்தார், கடையைப் பூட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

கட்டிலில் கிடந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "யாருடி இது, முகத்துல சிரிப்பே இல்லாம?" என்று கேட்டாள்.

"படம் எடுக்க வந்தேன். நீங்க நடந்தீங்கன்னு இவ சொல்றா. நான் நம்பல."

"என் பொண்ணு என்ன பொய்யா சொல்லுவா?" என்று அம்மாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். மகள் சுவரோடு ஒதுங்கி நின்றாள். ஒன்று, இரண்டு என்று அலமாரியைத் தாண்டி ஜன்னல்வரை ஏழு அடி. பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் ஒவ்வொரு அடிக்கும் பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு தரமும் குமிழ் சுற்றியது.

ஜன்னல் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிய அம்மா, திரும்பிப் போகக் கை கொடுக்க வந்த மகளைத் தள்ளி நிற்கச் சொன்னாள்.

படம் கட்டாயம் வரும், அம்மா நாளைக்கும் நடப்பாள் என்று மகள் வாசல்வரை வந்து கண் கலங்கச் சொன்னாள்.

"கழுவட்டும், பார்க்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு திருகாணி படியிறங்கிப் போனார்.