வயிற்று வலி என்று எழுதிய அட்டை

தம்போயில் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே கிளினிக் இருந்தது. ஆனால் அங்கே காலையில் போனால் மாலைக்குள் கோயில் வரைக்கும் செய்தி போய்விடும். அதனால்தான் யோகேஸ்வரி மகனைக் காரில் ஏற்றிக் கூலாய் கிளினிக் வரை ஓட்டிக்கொண்டு போனாள்.

ரூபேந்திரனுக்குப் பத்தொன்பது வயது. செனாய் தொழிற்சாலை வேலையை விட்டு நான்கு மாதமாகிறது. ‘ஐஸ்’ என்று பையன்கள் சொல்லும் போதைப் பொருள் அவனைப் பாதி ஆளாக்கியிருந்தது. தூக்கமே கிடையாது. சுவருக்குப் பின்னால் யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொள்வான். டாக்டரிடம் வரச் சொல்லி யோகேஸ்வரி கெஞ்சியும் பட்டினி கிடந்தும் பார்த்தாள். முந்தாநாள்தான் அவன் மனமிறங்கினான்.

“ஒரு தடவை வரேன்மா. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன். நீங்க கூட இருக்கணும்.”

“இருக்கேன்டா சாமி.”

கவுண்டரில் அவர்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் யோகேஸ்வரி மகனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். மலர்! மூத்த மகள் தேன்மொழியைப் பெண் கேட்டு வந்திருக்கும் மாப்பிள்ளையின் சித்தி. அடுத்த மாதம் பரிசம்.

“யோகேஸ் அக்கா! என்னக்கா இவ்வளவு தூரம்?”

“நீங்க... இங்கயா வேலை?”

“மாத்திட்டாங்க லா, போன மாசந்தான். ஐசி கொடுங்க. தம்பிக்கு என்ன செய்யுது?” மலர் அடையாள அட்டைக்குக் கையை நீட்டினாள்.

ரூபேந்திரன் கண்ணாடியை நெருங்கினான். “எனக்கு வந்து...”

“வயித்து வலி” என்று யோகேஸ்வரி முந்திக்கொண்டாள். “கேஸ்ட்ரிக். நேரத்துக்குச் சாப்பிடு சாப்பிடுன்னா எங்க கேக்குறான்!” சிரிக்கவும் செய்தாள்.

மலர் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து சிகிச்சை அட்டையில் எழுதினாள்.

மலாய்க்கார டாக்டர் நல்ல பெண்மணி. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று நிதானமாகக் கேட்டார். ரூபேந்திரன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். இங்கே எழுதுவதெல்லாம் மலரின் மேசைக்குத்தானே போகும்? யோகேஸ்வரி மேசைக்கடியில் அவன் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

“இல்லை” என்றான் அவன்.

திரும்பும் வழியில் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். “பரிசம் முடியட்டும்டா. வேற கிளினிக் பார்க்கலாம். அக்கா வாழ்க்கை இல்லையா?”

“வேணாம்மா. வயிறு சரியாப் போச்சு.”

தம்போய் சிக்னலில் கார் நின்றதும் கதவைத் திறந்து இறங்கிப் போனான். மாத்திரைப் பொட்டலம் இருக்கையிலேயே கிடந்தது.

பரிசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது உலு திராமில் ஒரு வாடகை வீட்டில் போலீஸ் அவனைப் பிடித்தது. ஸ்டேஷனில் அதிகாரி கேட்டார்: “இதற்கு முன் போதைக்குச் சிகிச்சை எடுக்கப் போயிருக்கிறானா? ஏதாவது காகிதம் இருக்கிறதா?” யோகேஸ்வரி கைப்பையைத் துழாவி, கிளினிக்கில் கொடுத்த அந்த அட்டையை நீட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இது வயிற்று வலிக்கு அம்மா.”

பரிசத்தன்று மண்டபம் நிறைய ஆட்கள். மலர் தட்டு ஒன்றை வாங்கும் சாக்கில் அவள் பக்கத்தில் வந்தாள்.

“தம்பிக்கு வயிறு எப்படிக்கா?”

“தேவலை.”

மலர் குரலைத் தாழ்த்தினாள். “அன்னைக்கே தெரியும்க்கா. அந்த மாதிரி முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். அதுக்குன்னே எங்ககிட்ட தனி ரூம் இருக்கு. நீங்க சொல்லலை. சம்பந்தி வீடாச்சே, சங்கடப்படுவீங்கன்னு நானும் கேக்கலை.”

யோகேஸ்வரி தட்டை அவளிடம் நீட்டினாள். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேடையிலிருந்து சத்தம் போட்டார்.

“மாப்பிள்ளைக்கு மாலை போடணும். எங்கப்பா மச்சான்? பொண்ணோட தம்பியைக் கூப்பிடுங்க!”

மலர்தான் பளிச்சென்று சிரித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

“தம்பி சிங்கப்பூர்ல வேலையா இருக்கு மாமா. லீவு கிடைக்கலை.”