முன்கோடிப் பலகை

முட்டிக்குக் கீழே மடித்த கோணிச் சாக்கு, கையில் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல். படகின் புது மேல்தளத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை வைத்துத் தட்டிக்கொண்டே வந்தாள் அவள். பின்னாலேயே அவள் புருஷன், தச்சன், இடுக்கில் தாரை ஊற்றினான். ஒரு சொட்டுத் தண்ணீர் கீழே இறங்கக் கூடாது.

முன்கோடிப் பலகையை மட்டும் அவள் மறுபடி மறுபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள்.

"போதும்டி. அதுல மூஞ்சியா பாக்கப் போற?"

"உக்காரப் போறேன். உங்களுக்கு எங்க வலிக்குது?"

அக்கரையில்தான் அவள் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது. இங்கிருந்து பார்த்தால் மரங்கள் தெரியும். ரோட்டில் சுற்றிப் போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள். அத்தனை நாள் வேலையை யார் விடுவது? அக்காவுக்குப் பிள்ளை பிறந்து, அது தத்தித் தத்தி நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. சித்திக்காரி இன்னும் போய்ப் பார்த்தபாடில்லை. வேலை பேசிய அன்றைக்கே படகுக்காரர் வாய் நிறையச் சொல்லியிருந்தார்: "தண்ணில இறக்குற அன்னிக்கு மொத சவாரி உங்களுக்குத்தான். அக்கரையில விட்டுட்டு, சாயங்காலம் கூட்டியாந்துடறேன்." அந்த ஒரு வார்த்தைக்காக அவள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தாள்.

படகு இறங்கும் நாள் விடிந்ததுமே போன் போட்டாள். "பிள்ளையத் தூக்கிட்டுக் கரைக்கு வந்து நில்லுக்கா." தலை சீவி, தைத்து வைத்த குட்டிக் கவுனை மடித்து எடுத்துக்கொண்டு புருஷனோடு வந்து பார்த்தால், தளம் முழுக்கப் படகுக்காரரின் சொந்தபந்தம்.

"இடமில்லையேம்மா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்," என்றார் அவர். "ஆனா வேலை சுத்தம். ஒரு சொட்டு ஒழுகல."

"சரிங்க," என்றான் தச்சன். வேறென்ன சொல்வான்? அடுத்த படகும் அவருடையதுதான்.

படகு விலகியது. முன்கோடியில், அவள் தேய்த்த இடத்தில், ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்தார். போன் அடித்தது. அக்கா.

"வெள்ளையா நகருதே, தெரியுதுடி. நீ எந்தப் பக்கம் உக்காந்திருக்க? இவ இப்பவே கைய ஆட்டுறா."

நேற்று அவள் மறந்துவிட்டு வந்த சாக்கு அங்கேதான் கிடந்தது. காலை நீட்டியவர் அதை இரண்டு விரலால் தூக்கித் தண்ணீரில் போட்டார். நாளைக்கு முட்டிக்குக் கீழே போட அது வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்கினாள். இடுப்புவரை வந்ததும், குட்டிக் கவுன் நனையாமல் ஒரு கையில் உயரத் தூக்கிப் பிடித்து, மறு கையைச் சாக்குக்கு நீட்டினாள்.